கலச் சாவின் வகைகள்: ஓர் ஒப்பீடு

(பழைய மாணவன் ஒருவன்)

கல்லூரி விலங்கியல் ஆய்வுகூடத்தின் யன்னலோரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. மாரி தொடங்கியதும் குளத்து நீரோடு வாற்பேத்தைகளை அள்ளிவந்து அதில் விடுவது எங்கள் வகுப்பின் வழக்கம். முதலிற் பின்கால்கள் தோன்றும். பின்னர் முன்கால்கள் தோன்றும். அதன்பின் சில நாள்களில் வால் குறுகிக் குறுகி மறைந்துவிடும். ஆயினும் தொட்டியின் அடியில் உதிர்ந்த வால் ஒன்றேனும் கிடந்ததை நாம் கண்டதில்லை. “சேர், வால் எங்கே போனது?” என்று ஒருநாள் வினாவினேன். “உடல் அதை உறிஞ்சிக்கொண்டது” என்றார் ஆசிரியர். அவ்விடை பிழையன்று, எனினும் முழுமையானதுமன்று. வாலில் இருந்த எண்ணற்ற கலங்கள் இறந்தன. இறந்தும் அவை அழுகவில்லை, சீழ் கட்டவில்லை, அடுத்திருந்த கலங்களுக்கு ஊறு செய்யவுமில்லை.

பின்னாளில் மருத்துவனாகப் பணி தொடங்கிய காலத்தில் வேறொரு வினா எதிர்ப்பட்டது. குருதியிற் பற்றீரியா பரவிய நிலையில் ஒரு சிறுவனைக் கொண்டுவந்தனர். மருந்து கொடுத்தோம். மறுமுறை சோதித்த குருதியிற் கிருமி வளரவில்லை. ஆயினும் குருதியமுக்கம் இறங்கியது. சிறுநீரகமும் நுரையீரலும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. மூன்றாம் நாள் அவன் இறந்தான். பகைவன் மடிந்த பின்னரும் போர் தொடர்ந்தது எங்ஙனம்?

தொட்டியருகே எழுந்த வினாவும் கட்டிலருகே எழுந்த வினாவும் ஒரே துறையைச் சார்ந்தவை என்பதை நான் அறிவதற்குப் பல்லாண்டுகள் சென்றன. கலமொன்று இறந்தது என்னும் செய்தி உடலுக்குப் போதாது. அது எம்முறையில் இறந்தது என்பதே அடுத்து நிகழ்வனவற்றைத் தீர்மானிக்கின்றது. அம்முறைகளுள் முதன்மையான நான்கினை இங்கே ஒப்புநோக்குவோம்.

தற்செயற் சாவும் ஒழுங்குற்ற சாவும்

நெருப்புச் சுட்டால், அமிலம் பட்டால், கனத்த பொருள் நசுக்கினால் கலம் இறக்கும். அதன் மென்சவ்வு கிழிந்து உள்ளீடு வெளியே சிந்தும். இது தற்செயற் சாவு. இதில் கலத்துக்குப் பங்கு எதுவும் இல்லை. ஓட்டின்மேல் விழுந்த தேங்காய்க்கும் ஓடு உடைந்தமைக்கும் உள்ள தொடர்பே சுட்ட நெருப்புக்கும் கலத்தின் சாவுக்கும் உள்ள தொடர்பு.

ஒழுங்குற்ற சாவு வேறு வகையானது. கலத்தின் பரம்பரையலகுகளே அதற்கு வேண்டிய புரதங்களை ஆக்குகின்றன. ஓர் அடையாளம் கிடைத்ததும் அப்புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிக் கலத்தை முடிவுக்குக் கொண்டுவருகின்றன. இரண்டையும் பிரித்தறியும் சோதனை எளிது. தக்கவொரு மருந்தாலோ ஒரு பரம்பரையலகை நீக்குவதாலோ அச்சாவைத் தடுக்க முடியுமாயின் அஃது ஒழுங்குற்ற சாவு. எதனாலும் தடுக்க முடியாதாயின் தற்செயற் சாவு. இவ்வேறுபாடு மருத்துவனுக்கு நம்பிக்கை தருவது. தடுக்கக்கூடியது எதுவோ அதனையன்றோ அவன் தேடுகின்றான்!

நலமுள்ள மனித உடலில் ஒவ்வொரு நாளும் பல ஆயிரங்கோடிக் கலங்கள் இறக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை குருதிக் கலங்கள். அடுத்த நிலையில் குடலின் உட்புறத்தைப் போர்த்திய கலங்கள் உள்ளன. அவ்வளவு சாவு நிகழ்ந்தும் நாம் நோவின்றி உண்டு உறங்கி எழுகின்றோம். இதனை இயலச்செய்வது முதலாவது முறையாகும்.

முதலாவது: உதிர்வுச் சாவு

வளரும் உயிரின் உடலில் இயல்பாகவே கலங்கள் இறக்கின்றன என்பதை 1842 ஆம் ஆண்டிலேயே கார்ல் வோக்ட் என்னும் செர்மானிய விலங்கியலார், தேரை வகையொன்றின் வாற்பேத்தையை ஆராய்ந்தபோது குறித்துவைத்தார். 1964 இல் இலொக்சின், வில்லியம்சு என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், பட்டுப்பூச்சியின் தசைகள் உருமாற்றத்தின் பின் அழிவதைக் கண்டு, ‘திட்டமிட்ட கலச் சாவு’ என்னும் தொடரை வழங்கினர். ஆயினும் அச்சாவின் தோற்றத்தைத் தெளிவுறக் கண்டவர் அவுத்திரேலிய நோயியலாளர் யோன் கேர் ஆவர்.

கேர் எலியின் ஈரலுக்குச் செல்லும் வாயினாளத்தின் கிளைகளைக் கட்டி, அதனால் சுருங்கும் ஈரற் பகுதியை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். ஆங்காங்கே தனித்தனிக் கலங்கள் சுருங்கிச் சிறு உருண்டைகளாகப் பிரிந்திருந்தன. அவற்றின் மென்சவ்வு கிழியவில்லை. அவற்றைச் சூழ அழற்சி எதுவும் இல்லை. அயற்கலங்கள் அவ்வுருண்டைகளை விழுங்கிக்கொண்டிருந்தன. பின்னர் அவர் சுகொத்துலாந்தின் அபடீன் பல்கலைக்கழகத்தில் வைலி, கறி என்போருடன் சேர்ந்து, இதே காட்சி உடலின் பல இடங்களிலும் உண்டென்று 1972 இல் எழுதினார். அக்கட்டுரைக்குப் பெயரொன்று வேண்டியிருந்தது. அபடீனில் கிரேக்க மொழிப் பேராசிரியராயிருந்த கோமாக்கு என்பார் ‘அப்பொப்தோசிசு’ என்னும் சொல்லை எடுத்துக்கொடுத்தார். மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதை அச்சொல் குறிக்கும். ஆதலின் தமிழில் இதனை ‘உதிர்வுச் சாவு’ என்று வழங்குவேன். காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பது நம்மவர் பழமொழி. இங்கே காவோலை விழுவதே குருத்தோலையின் நலத்துக்காக என்பது மட்டுமே வேறுபாடு.

இச்சாவின் பொறிமுறையை விளக்கியது ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள புழு. அதன் வளர்ச்சியில் 1090 உடற்கலங்கள் உண்டாகின்றன. அவற்றுள் 131 கலங்கள், ஒவ்வொரு புழுவிலும் அதே கலங்கள், அதே வேளையில் இறக்கின்றன. எஞ்சுவன 959. ஓர் ஆய்வாளர் ஒவ்வொரு கலத்தையும் கண்ணாற் பின்தொடர்ந்து இக்கணக்கை எழுதினார் என்பது இன்றும் வியப்பூட்டுவது. அவர் பெயர் யோன் சல்சுற்றன். கலங்களின் சாவுக்கு இன்றியமையாத பரம்பரையலகுகளை அப்புழுவிற் கண்டவர் உரொபேட்டு ஓர்விற்சு. அவ்விருவரும், இப்புழுவை ஆய்வுக்குத் தெரிந்தெடுத்த சிட்னி பிரென்னரும் 2002 ஆம் ஆண்டின் நோபெற் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

புழுவின் அப்பரம்பரையலகுக்கு ஒத்தவை மனிதனிலும் உண்டு. அவை ஆக்குவன ‘கசுப்பேசு’ என்னும் நொதியங்கள். இவை புரதங்களைக் குறித்த இடங்களில் வெட்டும் கத்தரிக்கோல்கள் எனலாம். கலம் உயிரோடுள்ள வரையில் உறையிலிட்ட நிலையில் உறங்கிக் கிடக்கும். உறையை நீக்கும் வழி இரண்டு. வெளியிலிருந்து வரும் சாவுச் செய்தி கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியைத் தொடுவது ஒரு வழி. மற்றது உள்வழி: கலத்துக்குத் திருத்தமுடியாத பழுது நேர்ந்தால், சுவாசத்துக்கு இடமான இழைமணியிலிருந்து சைற்றோகுரோம் சீ என்னும் புரதம் கசிந்து கசுப்பேசுகளை எழுப்புகின்றது. சுவாசத்துக்கு உதவும் பொருளே சாவுக்கும் அடையாளமாவது 1996 இல் வெளிப்பட்டபோது ஆய்வாளர் பலர் நம்பத் தயங்கினர்.

கத்தரிக்கோல்கள் விழித்ததும் கரு சுருங்கும், கலம் அயலாரிடமிருந்து கையை விடுவித்துக்கொள்ளும், பொட்டலங்களாகப் பிரியும். மென்சவ்வின் உட்புறத்தே இருந்த பொசுபற்றிடைல்செரீன் என்னும் கொழுப்புப் பொருள் வெளிப்புறத்துக்குத் திரும்பும். ‘என்னை உண்க’ என்பதே அதன் பொருள். தின்குழியங்கள் வந்து பொட்டலங்களை விழுங்கிவிடும். உள்ளீடு ஒரு துளியும் வெளியே சிந்துவதில்லை. எனவே அழற்சி எழுவதில்லை. வாற்பேத்தையின் வால் சென்ற வழி இதுவே. கேடயச் சுரப்பியின் ஓமோன் வாலின் கலங்களுக்குச் செய்தி அனுப்புகின்றது. அவை உதிர்ந்து உண்ணப்படுகின்றன. முளையத்தில் நம் விரல்களுக்கிடையே இருந்த தோல் நீங்கியதும் இவ்வாறே. தாராவின் காலில் அச்சாவு பெரிதும் தடுக்கப்படுவதனாலேயே அதற்கு நீந்தும் சவ்வு எஞ்சியது.

இரண்டாவது: உடைவுச் சாவு

உதிர்வுச் சாவுக்கு ஒரு பெருங்குறை உண்டு. கசுப்பேசுகளை முடக்கிவிட்டால் அது நிகழாது. வைரசுகள் இதனை நன்கறிந்துள்ளன! தாம் புகுந்த கலம் தாம் பெருகுமுன் இறந்துபோகாவண்ணம் கசுப்பேசுகளைத் தடுக்கும் புரதங்களை அவற்றுட் பல ஆக்குகின்றன. அம்மைக் குத்தலுக்குப் பயன்பட்ட வக்சீனியா வைரசும் அத்தகையதே.

உடல் இதற்கு மாற்றுவழி வைத்திருக்கின்றது. கசுப்பேசு 8 முடங்கியதும், அது வரையில் அதனால் அடக்கப்பட்டிருந்த ஆர்.ஐ.பி.கே. 1, ஆர்.ஐ.பி.கே. 3 என்னும் இரு புரதங்கள் ஒன்றுசேர்கின்றன. அவை எம்.எல்.கே.எல். என்னும் மூன்றாவது புரதத்தைத் தூண்ட, அது மென்சவ்வை அடைந்து அதனைக் குலைக்கின்றது. கலம் வீங்கி உடைகின்றது. தோற்றத்தில் இது தற்செயற் சாவை ஒத்திருப்பினும் பொறிமுறையில் ஒழுங்குற்றது. இதற்கு ‘நெக்குரொப்தோசிசு’ என 2005 இற் பெயரிட்டனர். நாம் உடைவுச் சாவு என்போம்.

இவ்விரு முறைகளின் உறவை ஓர் ஆய்வு அழகுற விளக்கியது. கசுப்பேசு 8 இன் பரம்பரையலகை நீக்கினால் எலியின் முளையம் கருப்பையிலேயே இறந்துவிடும். சாவுக்கான நொதியத்தை நீக்கியதால் உயிர் இறப்பது விந்தையன்றோ? 2011 இல் ஆர்.ஐ.பி.கே. 3 இன் பரம்பரையலகையும் சேர்த்து நீக்கிப் பார்த்தனர். எலிகள் பிறந்து வளர்ந்தன. முளையத்தைக் கொன்றது கசுப்பேசின் குறைவன்று; அக்காவலன் நீங்கியதால் கட்டவிழ்ந்த உடைவுச் சாவே என்பது தெளிவாயிற்று. ஆகவே கசுப்பேசு 8, ஒரு சாவை நடத்துவதோடு மற்றொரு சாவைத் தடுத்தும் வருகின்றது.

மூன்றாவது: எரிச்சாவு

வயிற்றுளைவை உண்டாக்கும் சிகெல்லா என்னும் பற்றீரியா பெருந்தின்குழியங்களைக் கொல்வதை 1992 இல் ஆய்வாளர் கண்டு, அதனை உதிர்வுச் சாவென்றே கருதினர். பிழை இயல்பானதே, அங்கும் கசுப்பேசு இனத்து நொதியமே தொழிற்பட்டது. ஆனால் அக்கலங்கள் அமைதியாகச் சாகவில்லை; வீங்கி வெடித்து, காய்ச்சலை எழுப்பும் பொருள்களை வெளியே கொட்டின. 2001 இல் குக்சன், பிரென்னன் என்போர் இதனை வேறு பிரித்து, நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் ‘பைரொப்தோசிசு’ எனப் பெயரிட்டனர். ஒரே இனத்து நொதியம் தொழிற்பட்டாலும் சாவின் வகை வேறாகலாம் என்பது இதிற் பெறும் பாடம்.

இங்கே கசுப்பேசு 1, கசுப்பேசு 4 முதலிய நொதியங்கள் காசுதேமின் டீ என்னும் புரதத்தை இரண்டாக வெட்டுகின்றன. வெட்டுண்ட துண்டுகள் மென்சவ்விற் சென்று வளையமாகக் கூடித் துளையிடுகின்றன. இதனை 2015 இல் பீஜிங்கிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் தனித்தனியே கண்டறிந்தனர். துளைகளின் வழியே இன்ரலூக்கின் 1 என்னும் அழற்சித் தூதன் வெளியேறுகின்றது, நீர் உட்புகுகின்றது, கலம் வெடிக்கின்றது. பற்றீரியா தன் மறைவிடத்தை இழக்கின்றது. அயலிலுள்ள காவற் கலங்கள் அபாயச் செய்தி பெற்று விரைந்து கூடுகின்றன. ஊர்க்கோடியில் திருடனைக் கண்டவன் தன் குடிசைக்குத் தீ வைத்து ஊரை எழுப்பியதை இஃது ஒக்கும்.

ஒரு குடிசை எரிந்தால் ஊர் பிழைக்கும். எல்லாக் குடிசைகளும் எரிந்தால்? நான் முன்னர்க் கூறிய சிறுவனின் நிலைக்கு ஒரு விளக்கம் இங்கே கிடைக்கின்றது. இறந்த பற்றீரியாவின் சுவரிலுள்ள நச்சுப்பொருளும் கலத்தினுட் புகுந்தால் இத்தீயை மூட்டவல்லது. கிருமி உயிரோடிருக்க வேண்டுமென்பதில்லை. காசுதேமின் டீ இல்லாத எலிகள், ஏனைய எலிகளைக் கொல்லும் அளவு அந்நச்சைப் பெற்றும் பிழைத்தன. மனிதனின் நோய் எலியின் நோயினும் சிக்கலானது. குருதிக் கட்டிகளும் வேறு பல காரணங்களும் அதிற் சேர்ந்துள்ளன. எனினும் பகைவன் மடிந்த பின் போரைத் தொடர்ந்தவர் யார் என்னும் வினாவுக்கு, ‘நம்மவரே’ என்னும் விடை இன்று கிடைத்துள்ளது.

நான்காவது: இரும்புச் சாவு

மேற்கூறிய மூன்றிலும் சாவை நிறைவேற்றும் புரதம் ஒன்று உண்டு. நான்காவதில் அத்தகைய கொலைஞன் எவனும் இல்லை. மென்சவ்வின் கொழுப்பமிலங்களுட் சில ஒட்சிசனோடு எளிதிற் சேர்வன. கலத்தினுள் இருக்கும் இரும்பு அச்சேர்க்கையை விரைவுபடுத்துகின்றது. மீனெண்ணெய் சில நாளிற் காறிப்போவதையும், அத்தகைய கொழுப்பமிலங்கள் குறைந்த தேங்காயெண்ணெய் நெடுநாள் நிற்பதையும் நம் இல்லங்களிற் கண்டுள்ளோம். அக்காறலே மென்சவ்வில் நிகழ்ந்தாற் கலம் இறந்துபடும்.

இதனைத் தடுப்பதற்குக் கலம் இடையறாது உழைக்கின்றது. செலீனியம் கொண்ட ஜீ.பி.எக்ஸ். 4 என்னும் நொதியம், குளுத்தாதயோன் என்னும் பொருளின் துணையோடு, காறிய கொழுப்பை உடனுக்குடன் திருத்துகின்றது. உயிர்ச்சத்து ஈயும் துணைசெய்கின்றது. குளுத்தாதயோன் குறைந்தாலோ நொதியம் முடங்கினாலோ காறல் பரவி மென்சவ்வு சிதைகின்றது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டிக்சன், சுற்றொக்குவெல் முதலியோர் 2012 இல் இதற்குப் ‘பெரொப்தோசிசு’ எனப் பெயரிட்டனர். ஏனையவை ஏவலால் நிகழும் சாவுகள். இதுவோ காவல் தவறியதால் நிகழும் சாவு. கூரை வேய்வதை நிறுத்தினால் வீட்டை இடிப்பதற்கு ஆள் வேண்டுவதில்லை. ஜீ.பி.எக்ஸ். 4 நீக்கப்பட்ட எலிகள் சிறுநீரகம் பழுதுற்று இறந்தன. குருதி தடைப்பட்டு மீண்டும் பாயும்போது உறுப்புகளுக்கு நேரும் சேதத்திலும் இச்சாவுக்குப் பங்குண்டு.

ஒப்பீடு

நான்கினையும் நான்கு வினாக்களால் ஒப்பிடலாம்.

1. மென்சவ்வு என்னாகின்றது? உதிர்வில் இறுதிவரை காக்கப்படுகின்றது. உடைவில் எம்.எல்.கே.எல். அதனைக் குலைக்கின்றது. எரிச்சாவிற் காசுதேமின் துளையிடுகின்றது. இரும்புச் சாவில் மென்சவ்வின் கொழுப்பே கெடுகின்றது.

2. கசுப்பேசு வேண்டுமா? உதிர்வுக்கு வேண்டும். எரிச்சாவுக்கும் பெரும்பாலும் வேண்டும். ஆயினும் வெட்டப்படும் புரதம் வேறு. உடைவு, கசுப்பேசு 8 முடங்கியபோதே தலையெடுக்கும். இரும்புச் சாவுக்கு அது வேண்டா.

3. அயலார் அறிவரா? உதிர்வை அறியார். உடைவும் எரிச்சாவும் ஊரறியும் சாவுகள். எரிச்சாவு தூதனையும் உடன் அனுப்புகின்றது. இரும்புச் சாவும் உள்ளீட்டைச் சிந்துகின்றது. சிலவிடத்து ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்குத் தொடர்கின்றது.

4. தக்க வேளை எது? உடலைச் செதுக்கவும் புதுப்பிக்கவும் உதிர்வு. கசுப்பேசுகளை முடக்கிய வைரசுக்கு எதிராக உடைவு. கலத்தினுட் பதுங்கிய பற்றீரியாவுக்கு எதிராக எரிச்சாவு. இரும்புச் சாவுக்கு உடல் ஒதுக்கிய வேளை யாதென்பது முன்னவைபோல் இன்னும் தெளிவாகவில்லை.

இவை நான்கும் சுவரெழுப்பிப் பிரித்த அறைகள் அல்ல. உதிர்வை நடத்தும் கசுப்பேசு 3, காசுதேமின் ஈ என்னும் புரதம் மிகுந்த கலத்தில் அதனை வெட்டி, அமைதிச் சாவை எரிச்சாவாக மாற்றிவிடும் என 2017 இல் அறிந்தனர். புற்றுநோய் மருந்துகள் நலமுள்ள இழையங்களுக்குச் செய்யும் தீங்கிற் சிறிது இவ்வழியே வருவது. மேலும் வகைகள் நான்கே என்று எண்ணற்க. 2018 இல் அறிஞர் குழுவொன்று வெளியிட்ட வகுப்பிற் பன்னிரண்டு இடம்பெற்றன. கலம் தன்னைத் தானே உண்ணும் முறையையும் சிலர் சாவென எண்ணுவர். ஆயின் அது பெரும்பாலும் பஞ்சகாலத்திற் பிழைத்திருக்கும் உபாயமே. அதன் பொறிமுறையை விளக்கிய யப்பானியர் ஓசுமி 2016 இல் நோபெற் பரிசு பெற்றார்.

சாக மறுக்கும் கலம்

சாவு மிகுவது ஒரு தீங்கு. வேளையில் வாராமை மற்றொரு தீங்கு. நிணநீர்க் கலங்களில் உண்டாகும் ஒருவகைப் புற்றுநோயில், 18 ஆவது நிறமூர்த்தத்தின் துண்டொன்று 14 ஆவதோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் பீ.சீ.எல். 2 என்னும் புரதம் அளவிறந்து பெருகும். அப்புரதம் கலத்தை விரைவாகப் பெருக்கச் செய்வதன்று. அதனைச் சாகவிடாது வைத்திருப்பது என்பதை 1988 இல் மெல்போணிலே வோ, கோரி, ஆடம்சு என்போர் நிறுவினர். புற்றுநோய் என்றால் கட்டுமீறிய பிறப்பு என்றே அதுவரை கற்பித்து வந்தோம். தடைப்பட்ட சாவும் புற்றுநோயே என்பது அன்று தெளிந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2016 இல், அப்புரதத்தைத் தடுக்கும் வெனெற்றோகிளாக்சு என்னும் மருந்து, நாட்பட்ட வெண்குருதிப் புற்றுநோய் ஒன்றுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அம்மருந்து கலத்தைக் கொல்வதன்று. கலம் மறந்த சாவை நினைவூட்டுவது.

இனி மருத்துவத்தின் பணி, எந்தச் சாவை எந்த வேளையில் தடுப்பது, எதனை அழைப்பது என அறிவதே. குருதியில் நஞ்சேறிய நோயாளியில் எரிச்சாவைத் தணிக்க வேண்டும். ஆனால் முற்றும் அவித்துவிட்டால் அடுத்த கிருமிக்குக் காவலில்லை. மாரடைப்பில் இதயத் தசையைக் காக்க வேண்டும். புற்றுநோயில் உதிர்வை மீட்க வேண்டும். ஒன்றற்கு நன்மையானது மற்றொன்றற்குத் தீமையாகலாம்.

விலங்கியல் கற்கும் இளைய மாணாக்கருக்கு ஒரு சொல். தொட்டியில் வால் மறைவதைக் காணும்போது அடியிலே தேடிப்பாருங்கள். அங்கே ஒன்றும் கிடவாது. இல்லாத பொருளைக் குறித்தும் ‘எங்கே போனது?’ என்று கேளுங்கள். நான் கேட்டேன், ஆயின் ஒரு விடையோடு அமைந்துவிட்டேன். கேர் என்பார் அழற்சி இல்லாமையைக் கண்டு, ஏன் இல்லை என்று ஓயாது கேட்டார். ஒரு துறையே பிறந்தது. அன்று எனக்கு விடையளித்த ஆசிரியர் இன்று இல்லை. அவர் இருந்திருப்பின், வால் போன இடத்தை இந்நான்கு பக்கங்களில் அவருக்கு எழுதிக் காட்டியிருப்பேன். அவரும் மகிழ்ந்து, ‘அடுத்த வினா என்ன?’ என்றே கேட்டிருப்பார்.